பத்துக்குச் சுழியம்

சக இதழ் ஒன்று, நூல் மதிப்புரைகளின் அடியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடத் தொடங்கியிருக்கிறது. கவிதைத் தொகுப்புக்கு 6.5, மொழிபெயர்ப்பு நாவலுக்கு 7. அந்த அரை மதிப்பெண் எந்தக் கவிதையில் கிடைத்தது, எந்த வரியில் போயிருந்தால் 6 ஆகியிருக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதற்கு அவ்விதழ் சொல்லும் நியாயம்தான் நம்மைச் சீண்டிவிட்டது. மேலைநாட்டு ராக் இசை விமர்சனத்தில் இது நெடுங்காலமாக நடக்கிறதாம். ரசனையை அது ஜனநாயகப்படுத்தியிருக்கிறதாம். இலக்கியத்தைப் பற்றி அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ராக் இசையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணை உண்டு.

1997 அக்டோபரில், ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த ஃப்ளேமிங் லிப்ஸ் குழுவின் ‘ஸயரீக்கா’ ஆல்பம் வெளிவந்தது. ஒரே பெட்டியில் நான்கு குறுந்தட்டுகள். நான்கிலும் அதே எட்டுப் பாடல்கள்தான். ஆனால் ஒவ்வொரு பாடலும் நான்கு துண்டாகப் பிரிந்து கிடக்கும். நான்கு கருவிகளில் நான்கு தட்டுகளையும் போட்டு ஒரே கணத்தில் ஓடவிட்டால்தான் பாடல் முழுதாக எழும். அப்படியே ஓடவிட்டாலும் எந்த இரண்டு கருவியும் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தாளம் மெல்ல விலகும், குரல் தன் எதிரொலியை முந்திக்கொண்டு போகும். நேற்றுக் கேட்டது இன்று கேட்காது. அதிலொரு பாடலில் காதுக்கு எட்டியும் எட்டாத மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைச் சேர்த்துவிட்டு, கேட்பவருக்கு நிலை தடுமாறலாம் என்று எச்சரிக்கையும் அச்சிட்டிருந்தார்கள். 1997இல் ஒரே வீட்டில் நான்கு குறுந்தட்டுக் கருவிகள் யாரிடம் இருந்திருக்கும்? ஆகவே நண்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தைக் கேட்க நண்பர்கள் இருந்தாக வேண்டும்.

அப்போது இதற்கு மதிப்பெண் போட்ட இசை இதழ் ஒன்று 0.0 கொடுத்தது. முதல் சுழியத்தின் மேல் நம்பிக்கை போதாமல், புள்ளி வைத்து இன்னொரு சுழியம். 1999இல் அதே குழுவின் ‘தி சாஃப்ட் புல்லட்டின்’ வந்தபோது அதே இதழ் 10.0 கொடுத்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பாடகர் வெய்ன் காய்ன், அதே தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மன். இரண்டாவது ஆல்பத்தின் ஒலிப்பதிவு தொடங்கியதே முதலாவது வெளிவருவதற்கு முன்பு, அதே 1997இல். சுழியத்துக்கும் பத்துக்கும் நடுவில் நேர்ந்த பெரிய மாறுதல் நான்கு தட்டு ஒரு தட்டானதுதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியிருந்தால் சுழியம், எழுந்திருக்க வேண்டாமென்றால் பத்து. மதிப்பெண் அளந்தது விமர்சகரின் சௌகரியத்தை. ரசனையின் ஜனநாயகம் என்று நமக்கு விற்கப்படுவது இதுதான்.

கேட்டவர்களின் கருத்துக்கு வருவோம். இரண்டு தட்டை மட்டும் ஓடவிட்டு, பாதிப் பாடல் போதும், அதுவே அழகு என்றவர்கள் உண்டு. நான்கையும் போட்டு நடு அறையில் படுத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு அது வாழ்நாள் அனுபவம், சிலருக்குத் தலைவலி. நான்கு தட்டுகளைத் தனித்தும் சேர்த்தும் 15 விதமாக ஓட்டலாம். அறை மாறினால், ஸ்பீக்கர் நகர்ந்தால், ஒருவர் விரல் அரை நொடி பிந்தினால் கணக்கு எங்கேயோ போய்விடும். பிறகு வந்தவர்கள் நான்கையும் கணினியில் ஒன்றாகக் கலந்து ஒரே கோப்பாக்கி, காதுபொறியை மாட்டிக்கொண்டு, “இதற்கா இத்தனை ஆரவாரம்” என்றார்கள். இந்தக் கருத்துகளைக் கூட்டி வகுத்தால் ஒரு சராசரி வரும். அந்தச் சராசரி எந்த ஆல்பத்தைப் பற்றியது? அப்படியோர் ஆல்பத்தை யாருமே கேட்கவில்லை.

ஸயரீக்கா வானத்திலிருந்தும் குதித்துவிடவில்லை. அதற்கு முன்பே காய்ன் வாகன நிறுத்தத்தில் கார்களை நிறுத்தச் செய்து, ஆளுக்கொரு கேசட் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டுப் பார்த்திருந்தார். அதற்கும் பின்னால் போனால் 1966 ஏப்ரல், ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடம். ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாடலுக்காக பீட்டில்ஸ் நாடாச் சுருள்களை வெவ்வேறு அறைகளிலிருந்த ஐந்து ஒலிப்பதிவுக் கருவிகளில் சுழலவிட்டார்கள். சுருள் தொய்ந்துவிடாமல் ஊழியர்கள் பென்சிலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒலி நேரடியாகக் கலக்கப்பட்டது. அந்தக் கலவையை அவர்களாலேயே இரண்டாம் முறை செய்ய முடியாது. அடியில் தம்பூரா ஒரே சுருதியில் நிற்கிறது, மேலே எல்லாம் பறக்கிறது. இத்தகைய சைக்கடெலிக் இசை என்றதும் போதை மாத்திரையையும் வண்ணச் சட்டையையும் நினைப்பவர்கள் அந்தப் பென்சில் பிடித்த ஊழியர்களை நினைப்பதில்லை. இன்னும் பின்னால், 1951இல், இசையமைப்பாளர் ஜான் கேஜ் 12 வானொலிப் பெட்டிகளையும் பெட்டிக்கு இருவராக 24 பேரையும் மேடையேற்றினார். அன்றைக்கு எந்த நிலையம் எதை ஒலிபரப்புகிறதோ அதுதான் இசை. இதற்கு யார் எத்தனை போடுவார்கள்? சிம்பொனிக்கு 8, வானிலை அறிக்கைக்கு 4 என்றா?

நமக்கு வேடிக்கையாக இருப்பது வேறு. மதிப்பெண் போடும் இந்த நண்பர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். அமைப்பியல் அலை அடித்த நாட்களில் ஆசிரியனைக் கொன்று புதைத்து, வாசகனுக்கு முடிசூட்டியவர்கள். வாசிப்பே எழுத்து, ஒவ்வொரு வாசிப்பும் ஒரு புதிய பிரதி என்று நமக்கு வகுப்பெடுத்தவர்கள். அந்தக் கொள்கையை நான்கு பிளாஸ்டிக் தட்டுகளில் செய்து காட்டிய ஆல்பம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமலேயே, அதற்குச் சுழியம் போட்ட முறையைக் கடன் வாங்கிவந்து, செத்துப்போன ஆசிரியனின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். வடமொழி ரசக் கோட்பாட்டாளர் அபிநவகுப்தர் சொன்ன சஹிருதயனுக்காவது, அந்த ஒத்த மனம் கொண்ட ரசிகனுக்காவது, ஒரு தகுதி கேட்கப்பட்டது. பயின்று பயின்று மனம் கண்ணாடியாக வேண்டும் என்றார்கள். அதை மேட்டிமை என்று ஒதுக்கியாயிற்று. போகட்டும். அந்த இடத்துக்கு வந்திருப்பவர் பயின்றிருக்கவும் வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம்.

நான்கு தட்டை ஒரு கோப்பாக்கிக் கேட்பவருக்கும், ஆயிரம் பக்க நாவலின் கதைச்சுருக்கத்தைக் காணொளியில் கேட்டுவிட்டு விவாத அரங்கில் ஏறுபவருக்கும் வித்தியாசம் இல்லை. பின்னவர்களைப் பரிசுக் குழுக்களிலேயே பார்க்கிறோம். அண்மையில் ஒரு பரிசின் நடுவர் உரையில் இருந்த நான்கு பத்திகளும் அந்த நூலின் பின்னட்டையில் இருந்தவை, வரிசைகூட மாறவில்லை. பரிசு பெற்றவரும் புகார் சொல்லவில்லை. அவருக்கு அது இரண்டாம் பதிப்பின் பின்னட்டைக்குப் பயன்படும்.

இந்த இதழுக்கு மதிப்புரை அனுப்புபவர்கள் இனி மூன்று தகவல்களைச் சேர்த்து எழுதவும்: எந்தப் பதிப்பு, நூல் முழுதும் வாசிக்கப்பட்டதா, எத்தனையாவது வாசிப்பு. பாதியில் நிறுத்தியவர்கள் எந்தப் பக்கத்தில், ஏன் நிறுத்தினார்கள் என்று எழுதினால் அதற்கே முன்னுரிமை தரப்படும். எண்கள் வேண்டாம்.