“ஒத்துக்கல டாக்டர்”

“இந்த மாத்திரை ஒத்துக்கல டாக்டர்.” இதைக் கேட்காத நாள் எங்களுக்கு இல்லை. கேட்டதும் சீட்டில் அந்த மருந்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதுவோம். அதோடு சங்கதி முடிந்தது.

புது மருந்து கடைக்கு வரும்முன் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கப்பட்டிருக்கும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் கேடு ஒருமுறையாவது கிட்டத்தட்ட நிச்சயமாகக் கண்ணில் பட ஏறக்குறைய 30,000 பேர் அதைச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஆக, மிச்சச் சோதனை எங்கள் ஓ.பி. வரிசையில்தான் நடக்கிறது. இதைப் பரீட்சையில் எழுதித் தேறியவர்கள்தாம் நாங்கள். தாலிடோமைடு மருந்து பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினோம். 1961 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆஸ்திரேலிய டாக்டர் மெக்பிரைடின் கடிதமோ சில வரிகள்தான்: கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கின்றன, வேறு யாரும் பார்த்தீர்களா?

அந்தச் சில வரிகளைக்கூட நாங்கள் எழுதுவதில்லை. 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நாட்டில் இருக்கிறது. மருந்தின் கேட்டைத் தெரிவிக்கும் படிவத்தை நிரப்ப ஆதாரம் வேண்டாம், சந்தேகம் போதும். அனுப்பினால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு, நோயாளியே கூப்பிடலாம். அதை ஒருவரிடமாவது சொன்னோமா? நேரமில்லை என்போம். மெடிக்கல் ரெப் புது மாத்திரையின் பெருமையைச் சொல்லும்போது மட்டும் நேரம் எப்படியோ கிடைத்துவிடும்.

ஒரு பெரியவர். சர்க்கரைக்குக் கிளிப்டின் வகை மாத்திரை தொடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார்: தண்ணீர் கோத்த கொப்புளங்கள், உளுந்தளவிலிருந்து நெல்லிக்காயளவுவரை. “மாத்திரை சூடுங்க” என்றார். சிரித்தோம். இந்தக் கொப்புள நோய்க்கும் கிளிப்டினுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததே எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக எழுதியனுப்பிய குறிப்புகளால்தான். 2016இல் பிரான்சில் அத்தகைய அறிக்கைகளைத் தொகுத்தும் பார்த்தார்கள். அவர் காரணத்தையே சொல்லிவிட்டார், அவர் பாஷையில்.

மடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். நாலு மாத்திரை. மீதியோடு பேட்ச் நம்பரையும் கடைக்காரர் கத்தரித்து வைத்துக்கொண்டுவிட்டார். புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். பத்திரமாக மடியில் முடிந்துகொண்டார். தோல் டாக்டருக்குச் சீட்டு எழுதிவிட்டு, பெல்லை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டோம்.