ஐந்து கிலோமீட்டர் போதும்

நம்மவர் ஒருவர் ஓடி வென்றுவிட்டால் நமக்குப் பெருமை தாங்காது. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் மணி ஜெகதீசன், அதே போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜாமணி, 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்ற ஜி. சரவணன் ஆகியோரின் பெயர்களை மேடைகளில் கேட்டு எத்தனையோ முறை கைதட்டியிருக்கிறோம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். 2017 வரை அதுவே நாட்டின் சாதனையாக நின்றது. எல்லாம் சரிதான். கைதட்டிய நம்மில் எத்தனை பேர் ஓடுகிறோம்?

ஓட்டம் என்றால் நமக்குப் போட்டி, போட்டி என்றால் பரிசு. தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். சிவப்பு இல்லத்துக்கும் நீல இல்லத்துக்கும் ஓடுபவர் எட்டுப் பேர். மற்றவர்களுக்குக் கூடாரத்தில் அமர்ந்து கத்தும் பணி. நான் ஆறு ஆண்டும் கத்தியவள். இடைநிலைப்பள்ளியிலும் இதே கதைதான். ஐந்தாம் படிவத்தோடு அதுவும் முடிந்துவிடும். பதினேழு வயதிலேயே கால்கள் பணி ஓய்வு பெற்றுவிடுகின்றன.

அப்படி ஓய்வு பெற்ற கால்களோடுதான் கடந்த தேசிய தினத்தன்று ஒரு 5 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் கலந்துகொண்டேன். பதிவுக் கட்டணம் ஐம்பது வெள்ளி. அதற்கு ஒரு டீ-சட்டை, ஓர் எண் அட்டை, நான்கு ஊக்குகள். எட்டு வாரப் பயிற்சியை வளாகத்து ஏரியைச் சுற்றியே முடித்தேன். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவி ஒரு நல்ல அளவுகோல் வைத்திருந்தார். ஓடிக்கொண்டே ஒரு திருக்குறளை மூச்சுத் திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி, ஈற்றடிக்கு மூச்சு போதவில்லை என்றால் வேகத்தைக் குறை என்பார். கைக்கடிகாரமும் செயலியும் தராத பயனை அது தந்தது. இரண்டு அதிகாரங்கள் மனப்பாடமானது தனி இலாபம்.

அன்று காலை ஏழு மணிக்குக் கொடியசைத்தார்கள். அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. முன்னால் நின்றவர்கள் ஈட்டி போலப் பாய்ந்தார்கள். பதின்ம வயதுப் பையன்கள் சிலரும் அவர்களோடு பாய்ந்து, முதல் கிலோமீட்டர் பலகைக்கு முன்பே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். நான் குறள் சொல்லிக்கொண்டே அவர்களைக் கடந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டத்தில் ஒருவரை முந்தியது அங்கேதான்!

மூன்றாவது கிலோமீட்டரில்தான் நம் நாட்டுக் காற்றின் குணம் புரிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனாலும் உடல் கொதித்தது. உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அன்று, அந்த வியர்வை ஆவியாவதுதான். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நம் விடியற்காலையில் அது ஆவியாகாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய பயிற்சி அட்டவணையின் வேகத்தை நம் ஊரில் அப்படியே எதிர்பார்ப்பது சரியாகாது என்பதை அந்த மேட்டுச் சாலையில் என் முதுகு சொல்லிற்று. கொஞ்ச தூரம் நடந்தேன். நடப்பதற்குத் தடையேதும் இல்லை.

என்னைச் சுற்றி அப்போது இருந்தவர்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முக்காடிட்ட மலாய்க்கார அம்மா ஒருவர் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஓடினார். எழுபது வயது மதிக்கத்தக்க சீனப் பெரியவர் ஒருவர் சீரான குறுநடையில் என்னைத் தாண்டிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டிக்கு உறை போட்டவர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர், அலுவலக நண்பர்களாக வந்து பாதி வழியில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என எல்லாரும் இருந்தார்கள். தமிழர்களும் இல்லாமலில்லை. முன்வரிசையில் ஒல்லியான இளைஞர்கள் சிலரைக் கண்டேன். சாலைச் சந்திப்புகளில் விசிலோடு நின்றவர்களில் நம்மவர் இருந்தார்கள். ஆனால் மெதுவாக ஓடுவோர் கூட்டத்தில், சும்மா ஓட வந்த நடுத்தர வயதுத் தமிழர் ஒருவரைக்கூட நான் காணவில்லை. ஒரே ஓட்டத்தை வைத்து ஓர் இனத்தை எடைபோடக்கூடாது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நியாயம்தான். எனினும் உங்கள் தாமானில் மாலை வேளையில் ஓடுபவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

எண்ண வேண்டிய வேறொரு கணக்கும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் அதில் முதலிடம் இந்தியர்களுக்கே. நம் திருமணப் பந்தியில் சீனியில்லாத காப்பி கேட்கும் கைகளைப் பார்த்தாலே இது தெரியும். என் அப்பாவும் அவ்வாறு கேட்பவர்தான். சென்ற ஆண்டு அவருடைய வலது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். தசை இயங்கும்போது இன்சுலினின் துணையில்லாமலே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதைப் படிவம் ஆறிலேயே படித்துத் தேர்வில் எழுதியவள் நான். அதை வீட்டில் யாரிடமும் சொல்லத் தோன்றியதில்லை. பாடம் வேறு, வீடு வேறு என்று வளர்ந்த தலைமுறை நாம்.

நம் பாட்டிமார் இருட்டில் எழுந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மேடும் பள்ளமுமாகப் பால்மரம் வெட்டி, காண்டா வாளியைத் தோளில் சுமந்து நடந்தவர்கள். அவர்களுக்கு ஓட்டம் தேவைப்படவில்லை. தோட்டம் போயிற்று, அடுக்குமாடி வந்தது. தோட்டத் திடலும் கூடவே போயிற்று. திடலே இல்லாத தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உண்டு. உழைப்பு நின்றது, உணவு நிற்கவில்லை. இந்த மாற்றத்துக்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் சூட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஓடுவதற்கு இடமும் நேரமும் வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் ஒருவரிடம் போய் ஓடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ஏரி இருக்கிறது, விளக்குப் போட்ட பாதை இருக்கிறது, மாலையில் வகுப்பும் இல்லை.

பெண்களுக்கு இன்னொரு வேலியும் உண்டு. “விடியக்காலையில பொம்பளப் பிள்ளை தனியா ரோட்டுல ஓடுறதா?” என்றார் அம்மா. அவர் அச்சத்தில் உண்மை இருக்கிறது, அதைக் கேலி செய்ய மாட்டேன். தனியாக ஓடாமல் நால்வராக ஓடினால் அதற்கு விடை கிடைத்துவிடும். ஆனால் “வெயில்ல ஓடுனா கருத்துப் போயிடுவ, அப்புறம் மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?” என்ற அத்தையின் கேள்விக்கு விடை சொல்ல நான் கடமைப்பட்டவள் அல்லள். ராஜாமணி அவர்கள் ஓடியது 1966-இல். அப்போதும் இதே வெயில்தான்.

“ஐந்து கிலோமீட்டரெல்லாம் ஓட்டமா? மராத்தான் ஓடு, பார்க்கலாம்” என்று சிரித்தவர்களும் உண்டு. மராத்தான் 42.195 கிலோமீட்டர். அதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். அதை ஓடுபவர்களை வணங்குகிறேன். ஆனால் ஒரு சமூகத்தையே எழுப்பி நடக்க வைக்கும் தூரம் அதுவன்று. ஐந்து கிலோமீட்டரைத் தாத்தாவும் பேத்தியும் ஒரே காலையில் முடிக்கலாம், ஓடியும் நடந்தும். முடித்துவிட்டு மைலோ வண்டியருகே வரிசையில் நிற்கலாம். நான் எடுத்துக்கொண்ட நேரம் 41 நிமிடம். முடிவுக்கோட்டில் ஒரு பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். எல்லாருக்கும் பதக்கம் கொடுத்தால் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். மதிப்பு இல்லைதான். அப்பா அதை வாங்கி வரவேற்பறையில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார், நான் என்ன செய்ய?

2004-இல் இலண்டன் புஷி பூங்காவில் 13 பேர் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடினார்கள். பார்க்ரன் என்ற பெயரில் அது 2014-இல் சிங்கப்பூருக்கும் 2018-இல் மலேசியாவுக்கும் வந்தது. சனிக்கிழமை காலை, கட்டணம் கிடையாது. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று: எல்லாருக்கும் கடைசியில் வருவதற்கென்றே ஒரு தொண்டரை நிறுத்துகிறார்கள். அதனால் ஓட வந்தவர் யாருக்கும் கடைசி இடம் என்ற கூச்சம் இல்லை.

நம் பேரவையும் மாதம் ஒருமுறை ஏரிக்கரையில் இப்படி ஓர் ஓட்டத்தை நடத்தலாம். பட்டிமன்றத்துக்கும் கலை இரவுக்கும் ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கு ஆகாது. இரண்டு விசில், தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு முதலுதவிப் பெட்டி போதும். முன்னாள் மாணவர்கள் பிள்ளைகளோடு வரலாம், பெற்றோரையும் அழைத்து வரலாம். பிறகு சேர்ந்து பசியாறலாம், நாசி லெமாக்கைத் தடைசெய்யும் எண்ணம் எனக்கில்லை. செயற்குழு இதற்கு இசைந்தால், கடைசியாக வரும் தொண்டர் பணிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஒன்பது விரல் கால்களோடு ஒருவர் என்கூட நடந்து வருவார், மெதுவாகத்தான் வருவார். மேசையை முன்கூட்டியே மடக்கிவிட வேண்டாம்.