வீக்கெண்ட்ல வீட்ல இருந்தா கஞ்சனா?

மார்ச் 31 முடிஞ்சது, சம்பளமும் கிரெடிட் ஆயிடுச்சு. உடனே நண்பர்கள் கேட்பாங்க: "இந்த வீக்கெண்ட் எங்க போறோம்?" "வீட்லதான்"னு சொல்லக் கூச்சமா இருக்கா? தேவையே இல்லை.

படம், சாப்பாடு, கேப் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 2,500 ரூபாய்னு வைங்க. மாசம் ரெண்டு வீக்கெண்ட் வீட்ல இருந்தா 5,000 மிச்சம், வருஷத்துக்கு 60,000. மாசச் செலவு 30,000 உள்ளவருக்கு அது ரெண்டு மாச எமர்ஜென்சி ஃபண்ட். வேலை போனாலும் உடனே கடன் கேட்டு நிக்க வேண்டாம்.

ஆனா ஒண்ணு. வீட்ல படுத்துக்கிட்டே பிரியாணியும் ஆஃபர் ஷூவும் ஆர்டர் பண்ணினா கணக்கு பழையபடிதான்! போனைத் தள்ளி வைங்க. வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டை மாடியில ஒரு காபி, மதியம் வேப்பம்பூ ரசம், அப்புறம் நல்ல தூக்கம்.

இது கஞ்சத்தனம் இல்லைங்க. நாம சம்பாதிக்கிறதே இந்த நிம்மதிக்குத்தானே?