பன்னீருக்குச் சிவப்பு ஒட்டுவீர்களா?

உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு முத்திரையும் வரத் தொடங்கியிருக்கிறது. ஓர் உணவு தட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகியிருக்கிறது என்று சொல்லும் காலநிலை முத்திரை. குறைவு என்றால் பச்சை, அதிகம் என்றால் சிவப்பு. ஸ்வீடனின் மேக்ஸ் பர்கர்ஸ் நிறுவனம் 2008இலேயே இதைத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் வஹாகா உணவகங்கள் 2022இல் தொடங்கின. இந்தியாவில் இது இன்னும் பரவவில்லை. ஆனால் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் உணவகங்கள் பட்டியலில் கலோரி அளவைப் போட வேண்டும் என்ற விதி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. கலோரி வந்த வழியிலேயே கார்பனும் வரும். வந்த பிறகு கத்துவதைவிட, வருவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

காலநிலை மாற்றம் பொய் என்று சொல்லும் கூட்டத்தோடு நமக்கு எந்த உறவும் இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது எந்தத் தெரு என்பதும், மே மாத வெயிலில் குப்பை வண்டி தள்ளுவது யார் என்பதும் நமக்குத் தெரியும். அதனால் காலநிலை முத்திரையை நான் எதிர்க்கவில்லை. ‘சைவம் என்றால் பச்சை, அசைவம் என்றால் சிவப்பு’ என்று கணக்கே போடாமல் ஒட்டப்படும் முத்திரையைத்தான் எதிர்க்கிறேன். சாதிச் சமூகத்தில் அப்படி ஒட்டப்படும் முத்திரை பூமியைக் காப்பாற்றாது. பழைய தீட்டுக்கு அறிவியல் சட்டை மாட்டிவிடும்.

சிவப்பு எப்படி வேலை செய்கிறது?

இந்த முத்திரைகள் உண்மையிலேயே சாப்பிடுகிறவரின் முடிவை மாற்றுகின்றனவா? மாற்றுகின்றன. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனை ஒன்று 2022 டிசம்பரில் வெளியானது. 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் இணையத்தில் ஒரு துரித உணவுப் பட்டியலைக் காட்டி, இரவு உணவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மாட்டிறைச்சி உணவுகளில் ‘காலநிலைப் பாதிப்பு அதிகம்’ என்று சிவப்பு முத்திரை போட்டபோது, முத்திரை இல்லாத பட்டியலைப் பார்த்தவர்களைவிட 23.5 விழுக்காடு கூடுதலானோர் வேறு உணவுக்கு மாறினார்கள். மற்ற உணவுகளில் ‘பாதிப்பு குறைவு’ என்று பச்சை முத்திரை போட்டபோது அந்தக் கூடுதல் 9.9 விழுக்காடுதான். இன்னொன்றையும் கவனித்தார்கள்: பாதிப்புக் குறைந்த உணவைத் தேர்ந்தவர்கள், அது உடம்புக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டார்கள். முத்திரை அதைச் சொல்லவே இல்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் நம் ஊருக்குக் கொண்டுவந்து யோசியுங்கள். பாராட்டைவிட அவமானம் அதிகம் வேலை செய்கிறது. ஒரு முத்திரை சொல்லாததையும் மனம் அதன்மேல் ஏற்றிக்கொள்கிறது. அமெரிக்கர் அதன்மேல் ஆரோக்கியத்தை ஏற்றினார். இங்கே எதை ஏற்றுவார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழக உணவகத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களிடமே இதைச் சோதித்தார்கள். அங்கே மொத்த உமிழ்வு 3.6 விழுக்காடுதான் குறைந்தது. ஆனால் அந்தச் சோதனையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. உமிழ்வு குறைந்த இறைச்சி உணவுகளுக்கும் அங்கே பச்சை முத்திரை கிடைத்தது. அவற்றின் விற்பனை 11.5 விழுக்காடு கூடியது. கறியா காயா என்று பார்க்காமல் உமிழ்வை மட்டும் எண்ணினால் முத்திரை இப்படித்தான் விழும்.

நம் பட்டியலில் ஏற்கெனவே ஒரு பச்சை இருக்கிறது

இந்தியாவில் பொட்டலத்தைத் திருப்பினாலும், செயலியைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது பச்சைப் புள்ளிதான். அது உடல்நலத்தைச் சொல்வதில்லை, சுற்றுச்சூழலையும் சொல்வதில்லை. உள்ளே கறியோ மீனோ முட்டையோ இல்லை என்று மட்டும் சொல்கிறது. நெய்யும் பன்னீரும் மாட்டின் உடலிலிருந்து வந்தவைதான். இருந்தும் அவற்றுக்குப் பச்சை. முட்டைக்குப் பழுப்பு.

அந்தப் புள்ளி பொட்டலத்தோடு நிற்கவில்லை. 2018இல் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. 2023இல் மும்பை ஐஐடி விடுதியில் சைவர்களுக்கென்று மேசைகளை ஒதுக்கினார்கள். எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 2024 மார்ச்சில் சொமேட்டோ ‘சுத்த சைவ’ வாடிக்கையாளர்களுக்காகப் பச்சைச் சீருடையில் தனி விநியோகப் படையை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே அந்தப் பச்சைச் சீருடையைக் கைவிட்டது. உணவில் இருந்த புள்ளி, உணவைத் தூக்கி வருகிறவரின் உடம்புக்குத் தாவ எவ்வளவு நேரம் பிடித்தது பாருங்கள்.

உணவகப் பலகையில் எழுதியிருப்பது வெறும் தகவல் என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியார் தொண்டர்கள் எதற்காக நின்றார்கள்? ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை அழிப்பதற்காக. மாதக்கணக்கில் போராடினார்கள், கைதானார்கள். ஒரு சொல்தானே என்று அன்றும் கேட்டார்கள். அந்தச் சொல் யாரை உயர்த்தியது, யாரைத் தாழ்த்தியது என்பது போராடியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி, 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் பேசப்படும் உணவுக் கார்பன் கணக்குகள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை. 100 கிராம் புரதம் கிடைக்க எத்தனை கிலோ பசுங்குடில் வாயு வெளியாகிறது என்பதற்கு அவர்கள் தரும் உலகச் சராசரி இது: இறைச்சிக்காகவே வளர்க்கும் மாடு 50, ஆடு 20, பால் மந்தையிலிருந்து வரும் மாட்டிறைச்சி 17, பாலாடைக்கட்டி 11, பன்றி 7.6, கோழி 5.7, முட்டை 4.2. பருப்பு வகைகள் 1க்கும் கீழே.

பருப்புக்கு முதலிடம். இட்லி சாம்பாருக்கும் சுண்டலுக்கும் பச்சை ஒட்டினால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆனால் பாலாடைக்கட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முட்டைக்கும் கோழிக்கும் பன்றிக்கும் மேலே. பன்னீரும் அந்தக் குடும்பம்தான். ஒரு கிலோ பன்னீருக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் பால் வேண்டும். அசை போடும் மாடு ஏப்பத்தில் மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு சூடேற்றும். ஒரு மாடு குறைவாகக் கறந்தால், ஒவ்வொரு லிட்டர் பாலின் தலையிலும் கூடுதல் மீத்தேன் விழும். ஆக, நேர்மையான முத்திரை வந்தால் முட்டைக் குழம்பு பச்சைப் பக்கம் போகும், பன்னீர் பட்டர் மசாலா சிவப்பை நோக்கி நகரும். அப்படி ஒட்டுகிற துணிச்சல் எந்த ‘ப்யூர் வெஜ்’ உணவகத்துக்கு இருக்கிறது?

நான் படித்த ஒரு கல்வி நிறுவனத்தின் விடுதியில் ‘பசுமை வாரம்’ கொண்டாடினார்கள். சைவ உணவுகள் எல்லாவற்றுக்கும் ஓர் இலைச் சின்னம் ஒட்டினார்கள். பன்னீருக்கு இலை உண்டு, முட்டைக்கு இல்லை. ஆய்வு மாணவர்கள் நாங்கள் சிலர் போய், எந்தக் கணக்கில் ஒட்டினீர்கள் என்று கேட்டோம். “இதில் என்ன கணக்கு? வெஜ் என்றாலே கிரீன்தானே” என்றார் பொறுப்பாளர். நாளை நாடு முழுக்க வரப்போகும் முத்திரையின் இலக்கணத்தை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

சரி, மாட்டுக்கறி?

மாட்டிறைச்சியின் உமிழ்வு கோழியைவிட அதிகம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த மாடு, யாருக்காக வளர்த்த மாடு என்று கேட்க வேண்டும். அந்த 50 என்ற எண், இறைச்சிக்காகவே மந்தை மந்தையாக வளர்க்கும் பண்ணைகளின் எண். இங்கே கசாப்புக்குப் போவது பெரும்பாலும் கறவை நின்ற எருமை, பால் பண்ணைக்குப் பயன்படாத கடா, உழுது ஓய்ந்த காளை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கும் மேல் மாடுகள், ஏறத்தாழ 11 கோடி எருமைகள். இத்தனையும் பீஃப் பிரியாணிக்காகவா வளர்கின்றன? உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இது. மந்தை வளர்வது பாலுக்காக. பாலைக் குடித்தவர் பச்சைப் புள்ளியோடு எழுந்து போய்விடுவார். மிஞ்சிய மாட்டின் கறியைத் தின்றவர் தலையில் மொத்த மந்தையின் பாவமுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல், அமெரிக்க பர்கரின் எண்ணை வெட்டி ஆம்பூர் பீஃப் பிரியாணியில் ஒட்டினால் அது அறிவியல் அல்ல. 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். அது பாகுபாடு என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. அன்று விலக்குவதற்குச் சொல்ல நல்ல காரணம் கிடைக்காமல் திணறினார்கள். நாளைக்குக் ‘காலநிலை’ என்று சொல்வார்கள்.

மட்டனின் எண் 20, பால் மந்தை மாட்டிறைச்சியின் எண் 17 என்பதையும் நினைவில் வையுங்கள். கல்யாணப் பந்தியின் மட்டன் பிரியாணியைப் பார்த்து யாராவது ‘பூமி என்னாகும்’ என்று கேட்டிருக்கிறார்களா?

முட்டை வரை நீளும் கை

இது ஏதோ நகரத்து உணவகப் பட்டியல் சண்டை என்று விட்டுவிட முடியாது. 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கிடையாது என்றார். 2021இல் கர்நாடகத்தின் வடமாவட்டப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. அந்த முட்டைக்காகவே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதுவரை புனிதத்தைச் சொல்லி முட்டையை மறுத்தவர்களுக்கு, ‘பசுமை’ என்ற சொல் கிடைத்தால் எவ்வளவு வசதி! முட்டையின் எண் பாலாடைக்கட்டியின் எண்ணில் பாதிகூட இல்லை என்பதை அப்போது யார் எடுத்துச் சொல்வார்கள்?

எனவே முத்திரை வரும்போது நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒன்று, பால், நெய், வெண்ணெய், பன்னீர் அனைத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்திய மந்தையின் கணக்கில் எண்ண வேண்டும். இரண்டு, பச்சை, சிவப்பு என்ற நிறங்களே வேண்டாம். சைவ அசைவப் புள்ளியோடு குழம்பாதபடி எண்ணை மட்டும் போடுங்கள். மூன்று, நட்சத்திர விடுதிகளிலும் பெரிய உணவக நிறுவனங்களிலும் தொடங்குங்கள். தள்ளுவண்டிக்கும் சத்துணவுக்கூடத்துக்கும் வராதீர்கள். ஓர் அமெரிக்கர் சராசரியாக ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி உண்கிறார். இந்தியரின் சராசரி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குறைக்க வேண்டியவர் யார் என்பதில் என்ன குழப்பம்?

அடுத்த முறை யாராவது உங்கள் தட்டைப் பார்த்து “சுற்றுச்சூழலுக்கு ஆகாதே” என்று அக்கறையோடு சொன்னால், கோபப்பட வேண்டாம். அவர் தட்டில் இருக்கும் பன்னீரின் எண் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயாராக இருப்பவரோடு உட்கார்ந்து பூமியைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.