கை சிறியதா, நெக் பெரியதா?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழா நடக்கும் பத்து நாளும் சாமி மாட வீதி வரும். எல்லார் கண்ணும் வாகனத்தின் மேல்தான் இருக்கும். ஒரு நாளாவது முன்னால் நடந்து போகிற நாதஸ்வரக்காரரின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். புல்லாங்குழல் படிக்கும் சிறுவன் மாதிரி அவர் விரல் நுனியால் துளையை மூடுவதில்லை. விரலைத் தட்டையாக நீட்டி, சதைப்பற்றான பகுதியால் மூடுகிறார். இன்று வாசிக்கப்படும் பாரி நாதஸ்வரம் நீளமானது. துளைகளும் தள்ளித் தள்ளி இருக்கும். நுனியால் எட்டிப் பிடித்துக் கொண்டிருந்தால் ஒரு வீதி தாண்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும்!

முன்பு இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி அதிகம். அந்தச் சுருதியைக் கீழே இறக்க வேண்டும் என்று நினைத்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவருக்காக நீளமான குழலைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசிக்கிறவர் கேட்டார், செய்கிறவர் செய்தார். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கும் பேஸ் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

இளையராஜாவின் பாட்டைக் கேட்டுவிட்டு, பாடகரை விட்டு அடியில் ஓடும் பேஸைத் தேடிப் போகிற பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. ராஜாவுக்கு ரமணர் மேல் உள்ள பக்தியால் அவருக்கு மிகவும் நெருக்கமான திருவண்ணாமலை மட்டும் விதிவிலக்கா என்ன? அப்படி ஆசைப்படுகிற பிள்ளை பேஸைக் கையில் வாங்கியதும் கேட்கிற முதல் வார்த்தை, "உனக்குக் கை சின்னதுப்பா, இது ஒத்து வராது." அதையும் மீறித் தொடர்ந்தால் இரண்டாவது வார்த்தை வரும். "வலிக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாயிடும்." இரண்டுமே தவறு. முதல் வார்த்தை ஆசையைக் கெடுக்கிறது, இரண்டாவது மணிக்கட்டைக் கெடுக்கிறது.

இதே ஊரில் பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்க்கப் போனால் என்ன நடக்கிறது? ஆசிரியர் முதலில் கையை நீட்டச் சொல்கிறார். பார்த்துவிட்டு அரை வயலினா, முக்கால் வயலினா என்று சொல்கிறார். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. பேஸ் கிட்டாருக்கு வந்ததும் இந்தச் சாதாரண அறிவு எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. கடையில் தொங்குவதுதான் அளவு, அதற்குக் கை பொருந்தாவிட்டால் குற்றம் கையுடையது!

கடையில் தொங்குகிற அந்த அளவு எங்கிருந்து வந்தது? 1951-இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். அதன் ஸ்கேல், அதாவது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே தந்தி அதிரும் நீளம், 34 அங்குலம். நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸில் இது 40 அங்குலத்தைத் தாண்டும். அவரது சாதாரண கிட்டாரில் இருபத்தைந்தரை அங்குலம். இரண்டுக்கும் நடுவே அவருக்குச் சரியென்று பட்ட ஒரு இடம்தான் 34. அது பிறகு உலக வழக்கமாகிவிட்டது. எல்லார் கையையும் அளந்து பார்த்துச் செய்த முடிவு இல்லை அது.

இப்போது கொஞ்சம் கணக்கு. 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் வரை ஏறக்குறைய 48 மில்லிமீட்டர். 30 அங்குல பேஸில் 43. ஒரு கட்டத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டிலும் சுண்டு விரலை நாலாவது ஃப்ரெட்டிலும் வைத்தால், முன்னதில் விரிப்பு 130 மில்லிமீட்டர், பின்னதில் 114. இந்த ஒன்றரை சென்டிமீட்டரில்தான் பல பேரின் பேஸ் ஆசை முடிந்து போகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 34 அங்குல பேஸில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து எட்டாவது வரை விரித்தால் 103 மில்லிமீட்டர்தான். குட்டை பேஸின் முதல் நாலு ஃப்ரெட்டைவிட இது குறைவு! ஃப்ரெட்டுகள் மேலே போகப் போக நெருங்கி வருமே. அப்படியிருக்க, புதிதாகப் படிக்க வருகிறவனை முதல் ஃப்ரெட்டில் கொண்டுபோய் நிறுத்தி, விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று விரிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? டபுள் பேஸ்காரர்கள் அப்படி விரிப்பதே கிடையாது. கீழ்ப் பகுதியில் அவர்கள் ஆள்காட்டி, நடு, சுண்டு ஆகிய மூன்று விரல்களால்தான் சுரத்தைப் பிடிப்பார்கள். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை போகும். கை போதாத இடத்தில் கையையே நகர்த்திவிடுவார்கள். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வாத்தியத்தைச் சாதாரணக் கைகள் வாசிப்பது இப்படித்தான். பேஸ் கிட்டாரிலும் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. ஆக, சின்னக் கை என்பது பேஸை மறுக்கக் காரணமே ஆகாது.

"அப்படியென்றால் எந்த பேஸை வாங்கினாலும் ஒன்றுதானே?" என்று கேட்டால், அதுவும் இல்லை. நெக் என்றதும் எல்லாரும் அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். பழைய பிரிசிஷனின் நட் 44 மில்லிமீட்டரை ஒட்டியது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸின் நட் 38. ஸ்கேல் இரண்டிலும் அதே 34 அங்குலம்தான். குட்டை விரல்காரருக்கு ஜாஸ் பேஸ் நெக் சுகமாக இருக்கும், ஏனென்றால் மேலே இருக்கும் தடித்த தந்தியை எட்டுவது எளிது. பருமனான உள்ளங்கைக்காரருக்கோ அதே நெக் ஒரு குச்சியைப் பிடித்த மாதிரி இருக்கலாம். பின்பக்கத்தின் தடிமனும் உருட்டும் வேறு சேதி, அதை எண்ணில் சொல்ல முடியாது, பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஐந்து தந்தி பேஸ் என்றால் நட் 45 மில்லிமீட்டரை ஒட்டியோ தாண்டியோ போகும். பார்க்க மிரட்டலாக இருக்கிறது என்பதற்காக முதல் வாத்தியமாக அதை வாங்குவது வீண் வம்பு.

குட்டை ஸ்கேல் என்றால் குழந்தைகளுக்கானது என்ற ஒரு எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் வயலின் பேஸ் 30 அங்குலம்தான். அதை வைத்துக்கொண்டுதான் உலகத்தையே ஆட வைத்தார். (1972-இல் திருடு போன அந்த பேஸ் கிடைத்துவிட்டது என்று 2024-இல் அறிவித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து!) ஜாக் புரூஸின் கிப்சன் இபி-3-யும் குட்டைதான். குறை இல்லாமல் இல்லை. தந்தியின் இழுவிசை தளர்வதால் தடித்த 'ஈ' தந்தி கொஞ்சம் தொளதொளப்பாக, மங்கலாக ஒலிக்கும். கொஞ்சம் கனமான தந்தி போட்டால் பாதி சரியாகும். மீதிக் குறையைக் காதால் கண்டுபிடிக்கிறவர் கச்சேரிக் கூட்டத்தில் எத்தனை பேர்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கைப்பேச்சு இன்னும் மோசம். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாதஸ்வரம் வாசித்துப் பேர் வாங்கிய நாடு இது. காலீஷாபி மஹபூபும் அவர் கணவர் ஷேக் மஹபூப் சுபானியும் நாதஸ்வரத்துக்காக 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஏ.ஆர். ரஹ்மானோடு மேடையேறிய மும்பையின் மோகினி டே, பேஸை வைத்துக்கொண்டு செய்கிற வேகத்தைப் பார்த்த பிறகும் "பொம்பளப் புள்ள கைக்கு இது ஒத்து வராது" என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ!

உண்மையான சிக்கல் வாங்குகிற இடத்தில் இருக்கிறது. ஒரு நடுத்தரக் குடும்பம் பேஸை ஒரு தடவைதான் வாங்கும். தவறாக வாங்கினால் மாற்ற வழியில்லை, அது பரணுக்குப் போகும். படம் பார்த்து இணையத்தில் வாங்கினால் விலை குறையலாம், நெக்கைத் தொட்டுப் பார்க்க முடியாதே. செருப்பையே போட்டுப் பார்த்து வாங்குகிற நாம், வருஷக்கணக்கில் கையில் பிடிக்கப் போகிற பொருளைப் பெட்டியில் வரவழைக்கிறோம். பஸ் செலவானாலும் பரவாயில்லை என்று சென்னைக்குப் போய், நாலு பேஸைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதற்கும் வசதி இல்லையென்றால் உள்ளூர் இசைக்குழுவிலோ தேவாலயத்திலோ வாசிக்கிற அண்ணனிடம் அவருடைய பேஸை அரை மணி நேரம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

பார்க்கிறபோது உட்கார்ந்து மட்டும் பார்க்கக் கூடாது. வாரை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சில பேஸ்கள் தலைப்பக்கம் கனத்துத் தொங்கும். அதைத் தாங்குவதிலேயே இடது கை களைத்துவிடும், பழி மட்டும் கை அளவின் மேல் விழும். வாரை முழங்கால் வரை இறக்கிவிட்டு வாசிப்பது சினிமாவுக்கு அழகு, மணிக்கட்டுக்கு ஆகாது. நெஞ்சுக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலை நெக்கின் பின்னால் சும்மா வைத்து, முதல் நாலு ஃப்ரெட்டில் பதினைந்து நிமிஷம் வாசித்துப் பார்க்க வேண்டும். விரல் நுனி எரிந்தால் கவலை வேண்டாம், அது தோல் தடிக்கிற வலி, சில வாரங்களில் போய்விடும். கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ முழங்கையிலோ இழுத்தால் உடனே அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் குட்டை ஸ்கேல் பேஸை எடுத்துத் தரச் சொல்லலாம். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.