கோழி ஹலால்தான், சோஸ்?



மகளின் ஓ/எல் பெறுபேறு வந்த சந்தோசத்தில் போன கிழமை கொழும்பில் ஒரு சைனீஸ் ரெஸ்டூரன்டுக்கு இராச் சாப்பாட்டுக்குப் போனோம். உம்மாவோடு சேர்த்து ஆறு பேர். வாசலில் "நோ போர்க்" என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே பாதி மேசைகளில் நம்மவர்கள்தான்.

ஃப்ரைட் ரைஸ், சொப்சூய், ஹொட் பட்டர் கட்டில்பிஷ், இஞ்சிக் கோழி எடுத்தோம். மகள் வெயிட்டரிடம், "இந்தக் கோழிக்கு வைன் ஏதும் போடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "கோழியெல்லாம் ஹலால்தான் தங்கச்சி" என்றார். அவள் திரும்பவும் கேட்கப் போனாள். நான்தான், "சும்மா இரிங்க மகள், ஆக்கள் பாக்குறாங்க" என்று அடக்கினேன்.

உம்மா இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகு, மகள் எழும்பிப் போய் குசினிப் பக்கம் விசாரித்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் சமையல் வைன் போடுவார்களாம். இல்லாவிட்டால் சைனீஸ் டேஸ்ட் வராதாம். உம்மா கரண்டியை வைத்துவிட்டார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பில் 14,000 ரூபாய், அதற்கு மேல் சேவிஸ் சார்ஜ் 10 வீதம்.

சமைத்தால் ஆவியாகிவிடும் என்று சிலர் கொமண்ட் போடுவீர்கள். அதை உலமாக்களிடம் கேளுங்கள். என் பிரச்சினை வேறு. வைனைப் பற்றிக் கேட்டவளுக்குக் கோழியைப் பற்றிப் பதில் சொன்னது ஏமாற்று. கோழி ஹலால் என்பதால் கறி ஹலால் ஆகாது. பன்றி இல்லை என்ற பலகை ஹலால் சான்றிதழும் ஆகாது.

டேஸ்ட் வராது என்பதும் பொய். சீனாவில் ஹுய் முஸ்லிம்கள் மட்டும் சுமார் ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள். உலகமே தேடிச் சாப்பிடும் லான்சோ மாட்டிறைச்சி நூடில்ஸ் அவர்களுடைய சாப்பாடு. அதுவும் சைனீஸ்தான்.

ஆனால் கடைக்காரரை விட எனக்குக் கோபம் நம்மீதுதான். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக இந்த நாட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். ஜம்இய்யதுல் உலமா அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, 2014இல் ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில் தனி நிறுவனமாக வந்தது. அந்தக் காலத்துப் பயம் இன்னும் நம் தொண்டையில் நிற்கிறது. கேட்டால் பிரச்சினைக்காரன் என்பார்களோ, நாகரிகமில்லாதவன் என்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். பிறகு வீட்டுக்கு வந்து வட்ஸ்அப் குரூப்பில் வீரம் பேசுகிறோம்.

அவர் வைன் போட்டுச் சமைக்கலாம், அது அவருடைய கடை. எல்லாக் கடையும் நமக்காக மாறவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொல்லவேண்டும். சைவம் சாப்பிடுகிறவரும் இறால் ஒத்துக்கொள்ளாதவரும் தயங்காமல் கேட்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன வெட்கம்?

ஓடர் கொடுக்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழ் இருக்கிறதா, எந்தத் திகதி வரை? சோஸில் வைன் சேர்கிறதா? ஒரே சட்டியில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்? நல்ல முறையில் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் ஸலாம் சொல்லி எழும்பி வாருங்கள்.

"விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேளுங்க" என்று வகுப்பில் பதினெட்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் சொந்த மகள் கேட்டபோது வாயை அடைத்தவனும் நான்தான். அன்று அந்த மேசையில் சரியாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.