“கொஞ்சம் நில்லுங்கோ சேர்!”

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தால் “டொக்டர் கடவுள் மாதிரி” என்கிறோம். ஏதும் பிழையாகப் போனால் “நேர்ஸ்மார் கவனிக்கேல்லை” என்கிறோம். புகழ் ஒருவருக்கு, பழி இன்னொருவருக்கு. இந்தப் பழக்கம் தாதியருக்குச் செய்யும் அநியாயம் மட்டுமில்லை. மேசையில் மயங்கிக் கிடக்கிற நோயாளியின் உயிரோடும் விளையாடுகிறது.

தியேட்டரில் தாதியின் வேலை கத்தியை எடுத்து நீட்டுவது என்றுதான் சினிமா எங்களுக்குக் காட்டியிருக்கிறது. உண்மையில் அங்கே இரண்டு தாதியர் சேர்ந்து ஒரு கணக்கைக் காக்கிறார்கள். ஒருவர் கிருமிநீக்கிய உடையோடு வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்பார். மற்றவர் வெளியே நின்று தேவையானதை எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் பதிவார். வெட்டுவதற்கு முன், வயிற்றை மூடுவதற்கு முன், தோலைத் தைப்பதற்கு முன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கோஸ் துணி, ஊசி, கருவிகளை இருவரும் கண்ணால் பார்த்து, வாய்விட்டு எண்ணவேண்டும். ஒன்று குறைந்தாலும் மூடக்கூடாது. தேடியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அதற்காகவே அந்தத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரிகிற இழை ஒன்று இருக்கிறது.

எண்ணுறது லேசு. “சேர், ஒண்டு குறையுது, மூடவேண்டாம்” எண்டு சொல்லுறதுதான் கஷ்டம்.

2005 இல் இங்கிலாந்தில் எலெய்ன் புரொமைலி என்ற 37 வயதுத் தாய் ஒருவர் சாதாரண சைனஸ் ஒப்பரேசனுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு அவருக்கு மூச்சுக்குழாய் செருக முடியவில்லை. அனுபவமுள்ள வைத்தியர்கள் திரும்பத் திரும்ப முயன்றார்கள். ஒட்சிசன் இறங்கிக்கொண்டே போனது. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்யும் கருவிகளை ஒரு தாதி கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். இன்னொரு தாதி தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒழுங்குசெய்துவிட்டு வந்து சொன்னார். யாரும் காதில் போடவில்லை. மிகைப்படுத்துகிறேனோ என்று நினைத்து அந்தத் தாதி கட்டிலையே ரத்துச் செய்துவிட்டார். 13 நாட்களின் பின் எலெய்ன் இறந்துபோனார். அந்த அறையில் திறமையும் இருந்தது, கருவியும் இருந்தது. தாதியின் சொல்லுக்குத்தான் எடை இருக்கவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008 இல் 19 அம்சங்கள் கொண்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. புதுடில்லி, மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதைப் பரீட்சித்தபோது மரணவீதம் 1.5 இலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்ராறியோவில் 101 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014 இல் வந்த ஆய்வில், அதே பட்டியலால் மரணங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் விளங்குகிறது: புள்ளடி போட்ட கடதாசி யாரையும் காப்பாற்றாது. அந்தப் பட்டியலில், எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்றும் இருக்கிறது. ஒருதரம் வாய் திறந்தவர், பிறகு ஆபத்தைக் கண்டாலும் வாய் திறப்பார் என்பதற்காகத்தான் அது.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் “சேர்”, கந்தோரில் “சேர்”, வாட்டில் “சேர்”. மேலே இருக்கிறவருக்குப் பதில் சொல்லுவோமே தவிர, அவரை நிறுத்தமாட்டோம். இப்படி வளர்ந்த 24 வயதுத் தாதி ஒருவர், மூத்த நிபுணரின் கையைத் தடுப்பார் எண்டு எதிர்பார்க்கிறது நியாயமோ? இன்னொன்று: பட்டியலின் முதல் வேலை, மயக்க முன்னர் நோயாளியிடமே பெயரையும், என்ன ஒப்பரேசன், எந்தப் பக்கம் என்பதையும் கேட்பது. சிங்களம் மட்டும் தெரிந்தவர் கேட்க, தமிழ் மட்டும் தெரிந்த அம்மா தலையாட்டினால் அது பதிலா? தமிழ் 1987 இலேயே அரசகரும மொழியாகிவிட்டது. தியேட்டர் வாசலில் அது இன்னும் மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.

“அவசரத்தில ஆர் இதெல்லாம் பார்க்கிறது?” எண்டு கேப்பினம். அவசரத்தில்தான் பார்க்கவேணும். 2003 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, அவசர ஒப்பரேசன்களில் உடலுக்குள் பொருள் தங்கிவிடும் ஆபத்து கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. “ஆள் காணாது” எண்டும் சொல்லுவினம். உண்மைதான். இரவு முழுக்க நின்று களைத்த தாதியிடம் கணக்குப் பிழைக்கும். அப்படியென்றால் விசாரிக்கப்படவேண்டியது அந்தக் கடமைப்பட்டியலைப் போட்டவரும்தானே? ஏன் தாதி மட்டும்?

எங்கட கோரிக்கை பெரிசில்லை. தாதி “நில்லுங்கோ” என்றால் வேலை நிற்கவேண்டும். அவர் சொன்னது பிழையாகவே இருந்தாலும் ஏச்சோ, பழிவாங்கும் இடமாற்றமோ வரக்கூடாது. இதைச் சுகாதார அமைச்சு எழுத்தில் தரவேண்டும். தாதியர் பயிற்சிக் கல்லூரியிலும் மருத்துவ பீடத்திலும் இதை ஒரே வகுப்பில் இருத்திப் படிப்பிக்கவேண்டும்.

அடுத்தமுறை உங்கட வீட்டில் யாருக்கும் ஒப்பரேசன் எண்டால், “டொக்டர் ஆர்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “அந்தத் தியேட்டரில தாதி சொன்னால் கேப்பினமோ?” எண்டும் விசாரியுங்கோ.